ட்ராக்பாலுக்குத் தமிழில் என்ன பெயர்: தடப்பந்தா, உருள்பந்தா?

கடையில் 'ட்ராக்பால் மவுஸ்' என்றுதான் கேட்கிறோம், கேட்டால் எடுத்தும் கொடுப்பார்கள். ஆனால் ட்ராக்பால் வேறு, மவுஸ் வேறு. மவுஸை மேசைமேல் நகர்த்துகிறோம், அது நகரும் பக்கம் திரையில் அம்புக்குறியும் நகர்கிறது. ட்ராக்பாலை நகர்த்த வேண்டியதே இல்லை, வைத்த இடத்திலேயே இருக்கும். அதன் உடலில் பதிந்து பாதி வெளியே தெரிகிற பந்தைக் கட்டைவிரலாலோ மற்ற விரல்களாலோ உருட்டினால் போதும், அம்புக்குறி போகும். தோள், முழங்கை எதுவும் அசைய வேண்டாம் என்பதால்தான் காலையிலிருந்து இரவு வரை கணினி முன் உட்கார்ந்து மணிக்கட்டு வலியை வாங்கிக்கொண்டவர்கள் பலர் கடைசியில் இதைத் தேடிப் போகிறார்கள். இவ்வளவு பயனுள்ள ஒரு கருவியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் பெயரிலேயே நின்றுவிடுகிறோம். அதனால் முதலில் பெயரைப் பார்த்துவிடலாம்.

எளிதாகக் கைக்கு வருவது 'தடப்பந்து'. ட்ராக் என்றால் தடம், பால் என்றால் பந்து, இரண்டையும் ஒட்டினால் முடிந்தது. இலக்கணப்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் தடப்பந்து என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ ஒரு தடத்தில், பள்ளத்தில், ஓடும் பந்து என்றுதான் நினைப்பார். இந்தப் பந்துக்குத் தடம் எதுவும் கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளும். அப்படியானால் ஆங்கிலப் பெயரில் அந்த 'ட்ராக்' எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் கடற்படையின் அறிவியல் பிரிவில் ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் ஒரு ராடார் திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ராடார் திரையில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும். இயக்குபவர் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தை அடுத்தடுத்துச் சில முறை குறித்துக் கொடுத்தால், இனி அந்த விமானம் எங்கே இருக்கும் என்று இயந்திரம் கணக்குப் போட்டுச் சொல்லும். புள்ளியைக் குறிக்க அப்போது இருந்தது ஜாய்ஸ்டிக். அதைவிட நயமாக ஒன்று வேண்டும் என்று யோசித்து 1946-இல் அவர் கண்டுபிடித்ததுதான் இந்தப் பந்து: ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின் மேல் உருளும் ஓர் உலோகக் குண்டு. 1947-இல் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆனால் ஒரே ஒரு மாதிரிதான் செய்யப்பட்டது, அதையும் ராணுவ ரகசியமாக மூடி வைத்துவிட்டார்கள், கப்பல்களுக்குப் போன கருவிகளில் ஜாய்ஸ்டிக்கே இருந்தது. நம் சொல் தேடலுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெஞ்சமின் அதற்கு வைத்த பெயர் 'ரோலர் பால்'.

அடுத்து, ஃபெராண்டி கனடா நிறுவனத்துப் பொறியாளர்கள் 1952 வாக்கில் கனடா கடற்படைக்காக டாட்டார் என்ற ராடார் தகவல் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாம் கிரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் மூவரும் அதில் பந்தையே முதன்மைக் கருவியாக வைத்தார்கள். புதிதாக எதையும் வார்க்கவில்லை, கனடாவில் விளையாடுகிற ஐந்து கட்டை பௌலிங் ஆட்டத்தின் பந்தை எடுத்து அப்படியே பொருத்திவிட்டார்கள். பந்து உருளும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வட்டுகள் சுழலும், வட்டுகளின் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகள் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு மின் துடிப்புகளை அனுப்பும், எத்தனை துடிப்பு வந்தது என்பதை வைத்து எவ்வளவு தூரம் உருண்டது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். இன்று வட்டுக்குப் பதில் ஒளி உணரி வந்துவிட்டது, அடிப்படை எண்ணம் மாறவில்லை.

ராடார்க்காரர்கள் 'ட்ராக்' என்று சொல்வது ஒரு விமானமோ கப்பலோ அடுத்தடுத்து இருந்த இடங்களைக் கோத்தால் கிடைக்கிற பாதையை. அதைக் கண்கொட்டாமல் பின்தொடர்வது ட்ராக்கிங். அந்த வேலைக்கான பந்து என்பதால்தான் ட்ராக்பால் என்ற பெயர் பொருந்துகிறது. ஆக, ட்ராக் என்ற சொல் பந்தைப் பற்றியதே இல்லை, வானத்தில் போன விமானத்தைப் பற்றியது. எக்செல் தாளில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்த விமானத்தோடு என்ன வேலை? தடப்பந்து என்ற மொழிபெயர்ப்பு ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஜெர்மனிக்காரர்கள் வைத்த பெயரையும் பார்க்க வேண்டும். அங்கே டெலிஃபுங்கன் நிறுவனத்தில் ரைனர் மாலபிரைன் குழுவினர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக மேசையில் பதித்த பந்து ஒன்றைச் செய்திருந்தார்கள். பதிப்பதென்றால் மேசையில் குழி வெட்ட வேண்டும். அதையே தலைகீழாகத் திருப்பிக் கையால் மேசைமேல் தள்ளினால் குழியே வேண்டாமே என்று செய்த கருவியை 1968 அக்டோபரில் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'ரோல்குகல்', உருளும் உருண்டை என்று பொருள். அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் மரப்பெட்டி மவுஸை உலகுக்குக் காட்டியது அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று. அதில் பந்துகூட இல்லை, இரண்டு சக்கரம்தான். ட்ராக்பாலைத் 'தலைகீழாகத் திருப்பிய மவுஸ்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், வரலாறு நேர்மாறாக இருக்கிறது. பந்து வைத்த மவுஸ்தான் தலைகீழாகத் திருப்பிய ட்ராக்பால்.

பிரிட்டனில் முதலில் வைத்த பெயரும் உருளுவதைச் சொல்கிறது, ஜெர்மன் பெயரும் அதையே சொல்கிறது. அதனால் நான் 'உருள்பந்து' பக்கம் நிற்கிறேன். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, உருட்பந்து என்று திரிக்கவும் வேண்டாம். இதற்கு ஒரு மறுப்பு வரலாம், அது நியாயமான மறுப்பும்கூட. உருள் என்பது தன்வினை, தானாக உருள்வது. விரலால் நாம் உருட்டுகிறோம் என்றால் பிறவினையில் 'உருட்டு' என்றுதானே வர வேண்டும்? பழைய மவுஸின் அடியில் இருந்த பந்துதான் மேசைமேல் தானே உருண்டது, இது நாம் உருட்டுகிற பந்து. தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்லின் கடைசியில் ஒரு சின்ன மாற்றத்தில் காட்டிவிடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இருந்தாலும் இன்றைய பேச்சில் 'உருட்டு' என்றால் பொய்யாகக் கதை அளந்துவிடுவது என்று ஆகிவிட்டது, உருட்டுப்பந்து என்று எழுதினால் இளையவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அடியில் பந்து வைத்த மவுஸும் ஒளி மவுஸ் வந்த பிறகு புழக்கத்தை விட்டே போய்விட்டதால் குழப்பத்துக்கும் இடமில்லை. உருள்பந்தே போதும்.

அடுத்தது மவுஸ். இதில் தமிழ் ஆங்கிலத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. மவுஸ் என்ற பெயர் உருவத்தைப் பார்த்து வைத்தது, சின்ன உடம்பு, பின்னால் வால் போல ஒயர். நாம் எலி என்று மொழிபெயர்க்காமல் 'சுட்டி' என்று வைத்தோம், அதாவது சுட்டிக் காட்டுவது. அ, இ, உ என்ற சுட்டெழுத்துகள் அவன், இவன் என்று ஆளைக் காட்டுவது போல இது திரையில் இடத்தைக் காட்டுகிறது. நெற்றிச்சுட்டியும் சுட்டிப்பிள்ளையும் அதே எழுத்தில் இருந்தாலும் யாரும் குழம்பியதில்லை. வேலையை வைத்துப் பெயரிட்டதால் வால் போனாலும், உருவம் மாறினாலும், பந்து மேலே ஏறினாலும் அது சுட்டியாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ட்ராக்பால் மவுஸ்' என்பது ஒன்றோடொன்று முரண்படுகிற இரண்டு கருவிகளின் பெயர். தயாரிப்பாளர்களே இதில் கலந்துதான் போனார்கள், கென்சிங்டன் நிறுவனம் தன் ட்ராக்பாலுக்கு 'எக்ஸ்பர்ட் மவுஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறது. தமிழில் 'உருள்பந்துச் சுட்டி' என்று சொல்லும்போது எந்த முரணும் இல்லை, சுட்டிகளில் அது ஒரு வகை.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது, பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 'எர்கோனாமிக்'. கிரேக்கத்தில் எர்கோன் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. போலந்து அறிஞர் வோய்ச்சேக் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி 1857-இலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், 1949-இல் பிரிட்டனில் ஹைவெல் முரெல் முன்வைத்த பிறகுதான் அது ஒரு துறையின் பெயராக நிலைத்தது. தமிழில் அந்தத் துறையைப் பணிச்சூழலியல் என்கிறார்கள், துறைப் பெயராக அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நாற்காலியையோ சுட்டியையோ 'பணிச்சூழலியல் சார்ந்த' என்று சொன்னால் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. நம்மிடம் இதற்கு வீட்டுச் சொல்லே இருக்கிறது: வாகு. 'உட்கார வாகா இருக்கு', 'பிடிக்க வாகா இல்ல' என்று பாட்டிமார் சொல்வதில் எர்கோனாமிக்ஸ் முழுவதும் அடங்கியிருக்கிறது, கருவி உடம்புக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமே தவிர உடம்பு கருவிக்காக வளையக்கூடாது. துறைக்குப் பணிச்சூழலியல், பொருளுக்கு 'வாகான' என்று வைத்துக்கொள்ளலாம். வாகான உருள்பந்துச் சுட்டி. படித்தவுடன் புரிகிறது.

சரி, பெயர் கிடைத்துவிட்டது, கருவி உண்மையிலேயே வாகானதா? சாதாரண மவுஸில் தொந்தரவு தருவது பெரும்பாலும் மணிக்கட்டுதான். உள்ளங்கை முழுக்கக் கீழ்ப்பார்த்தபடி இருக்கும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளையும், அந்த நிலையிலேயே நாளெல்லாம் இடமும் வலமுமாக இழுபடும். உருள்பந்தில் அந்த இழுபடல் போய்விடுகிறது. ஆனால் உழைப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, இதை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. லாஜிடெக் எர்கோ எம்575 போன்ற கட்டைவிரல் வகையில் பந்து சிறியது, 34 மில்லிமீட்டர், மவுஸ் போலவே பிடிக்கலாம் என்பதால் பழகுவது எளிது. ஆனால் எல்லா வேலையும் ஒரே கட்டைவிரலின் தலையில் விழுகிறது. செல்போனில் தட்டித்தட்டி ஏற்கெனவே கட்டைவிரல் அடியில் வலி இருப்பவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு நடுவில் பெரிய பந்து வைத்த வகை பொருந்தும். நான் மேலே சொன்ன எக்ஸ்பர்ட் மவுஸில் பந்து 55 மில்லிமீட்டர், ஜப்பானிய எலெகாம் நிறுவனத்தின் ஹியூஜ் மாடலில் 52. இரண்டு மூன்று விரல்கள் சேர்ந்து உருட்டுவதால் சுமை பங்காகிவிடும். எக்ஸ்பர்ட் மவுஸ் போல இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை இடது கைக்காரர்களும் வைத்துக்கொள்ளலாம், வலது கை களைத்தால் மற்றவர்களும் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பெரிய வகை கொஞ்சம் உயரம், கை தாங்கி இல்லாமல் வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி வேறு ஒரு வலியைக் கொண்டுவரும், ஆகவே தாங்கியோடு பயன்படுத்துங்கள். மரத்துப்போதல், இரவில் விரல் கூச்சம் என்று இருந்தால் சுட்டியை மாற்றுவது வைத்தியம் ஆகாது, மருத்துவரைப் பாருங்கள்.

பழகச் சில நாட்கள் பிடிக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பந்தை உருட்டி ஒன்றை இழுத்துப்போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் கஷ்டமாக இருக்கும். அமைப்புகளில் அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கி, கை பிடிபட்ட பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

இதெல்லாம் புதிதாகத் தோன்றினால், இந்தப் பந்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் சென்டரில் அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது மருத்துவர் ஒரு கையால் வயிற்றின்மேல் கருவியை வைத்துக்கொண்டு மறுகையால் பலகையில் எதையோ உருட்டிக்கொண்டிருப்பாரே, அது உருள்பந்துதான். ஒரு புள்ளியை இங்கே வைத்து, இன்னொன்றை அங்கே வைத்துக் குழந்தையின் தலைச் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் அளப்பது அதை உருட்டித்தான். மவுஸ் ஓட்ட அங்கே இடமில்லை, ஒரு கை எப்போதும் நோயாளியின்மேல் இருக்கிறது. கப்பல்களின் ராடார் மேசைகளிலும் இது இன்றுவரை இருக்கிறது, கடல் ஆடினாலும் பதித்த பந்து நகராது. ஆப்பிள் 1991-இல் கொண்டுவந்த பவர்புக் மடிக்கணினிகளில் விசைப்பலகைக்குக் கீழே நடுவில் இதுதான் இருந்தது, 1994-இல் தொடுபலகை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வாங்கிய பிறகு ஒரே ஒரு பராமரிப்பு. பந்து அமர்ந்திருக்கும் குழிக்குள் மூன்று சின்ன மணிகள் இருக்கும், பந்தின் பாரம் முழுக்க அவற்றின்மேல்தான். 'பேரிங்' என்கிறோமே அந்த வேலையைச் செய்பவை, தாங்குமணி என்று சொல்லலாம். விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் அங்கே சேர்ந்ததும் பந்து தத்தித் தத்தி உருளும், அம்புக்குறி குதிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், பென்சில் முனையால் தள்ளினால் பந்து மேலே வந்துவிடும். உலர்ந்த துணியால் பந்தையும், காது குடையும் பஞ்சுக்குச்சியால் அந்த மூன்று மணிகளையும் துடைத்துத் திரும்பப் போட்டால் பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.