அப்பாக்களை யாராவது கூப்பிட்டீர்களா?

சென்ற மாதம் ஓர் அறக்கட்டளை என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தது. தலைப்பு, 'பொறுப்பான தந்தை'. செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. போய்ப் பார்த்தால் மண்டபம் நிறைய அம்மாக்கள். ஆண்கள் என்று பார்த்தால் மைக்செட்காரர், சாப்பாடு இறக்க வந்தவர், பேத்தியைக் கூட்டி வந்த ஒரு தாத்தா. அப்பா ஒருவர்கூட இல்லை.

"ஆம்பளைங்களைக் கூப்பிட்டா வரமாட்டாங்க மேடம்" என்றார் நிர்வாகி.

திருப்பூரில் குடும்ப நல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வரமாட்டார்கள் என்பது சரி, எப்போது கூப்பிட்டீர்கள்? இங்கே பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு 8.30 ஆகும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செவ்வாய் 11 மணிக்கு வந்தால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. அம்மாக்களில் பலரும் கூலியை விட்டுத்தான் வந்திருந்தார்கள், அது தனிக் கோபம்.

அப்படியும் ஒருவர் வந்தார். பவர்டேபிள் டெய்லர், கம்பெனியில் மின்சாரத் தையல் மெஷினில் தைப்பவர். நான் பேசி முடித்துக் கீழே இறங்கும்போது மகளின் கல்வி உதவிப் படிவத்தோடு மேசை முன்னால் நின்றார். "அம்மா வரலையா? அவங்களைக் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தலைப்பு பொறுப்பான தந்தை!

குடித்து அழிப்பவர்கள், ஓடிப்போகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், என் முன்னால் உட்காருவதில் பாதிப் பேர் அவர்களால் வந்தவர்கள்தான். ஜீவனாம்சத்துக்குச் சட்டம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 144. பணத்தை நீதிமன்றம் வாங்கித் தரும். பிள்ளை எத்தனையாவது படிக்கிறாள் என்று நான் கேட்கும்போது மனைவி முகத்தைப் பார்க்கிற அப்பாவை எந்தப் பிரிவில் போடுவது? அவர் கெட்டவர் இல்லை. சம்பாதித்துப் போட்டால் போதும் என்றுதான் அவருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அறக்கட்டளைக்காரர்களுக்குச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் அப்பாவின் வருமானத்தை மட்டும் கேட்காமல் அவர் கைபேசி எண்ணையும் கேளுங்கள். வாங்கி வைத்தால் போதாது, அழையுங்கள். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றுங்கள், பேச்சைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். அப்புறம் பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஏதாவது வேலை கொடுங்கள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லுங்கள், நோட்டுக்கு அட்டை போடச் சொல்லுங்கள். சிறந்த தந்தை விருது, பொன்னாடை எல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு அப்படிச் சட்டமே இல்லை. பிரசவப் பெட்டகமும் தொட்டிலும் கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து அவருக்கு ஒரு வாரக் கூலியாகக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரே வரட்டும், அன்றைய கூலியும் உங்களுடையது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அடிக்கிற ஆளையும் அடி வாங்குகிறவளையும் ஆபீஸில் உட்காரவைத்து, "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்று சேர்த்துவைக்காதீர்கள். போன வருடம் அப்படிச் சேர்த்துவைத்த ஒரு பெண்ணை நான் மருத்துவமனைக் கட்டிலில் பார்த்தேன். அந்த மாதிரி விஷயம் வந்தால் பெண்கள் உதவி எண் 181, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. குடியை விட வேண்டும் என்று அவரே வந்தால் போதை மீட்பு உதவி எண் 14446. பஞ்சாயத்து உங்கள் வேலை இல்லை.

அந்த அறக்கட்டளை அடுத்த கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஞாயிறு மாலை என்றால் வருகிறேன், அந்த டெய்லரையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.