தைராய்டு குறைந்தால் எண் ஏன் கூடுகிறது?

"ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 9.8 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி வேறு. டாக்டரோ தைராய்டு குறைவு என்கிறார். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனால், உடம்புக்குள் இருக்கும் மிக அழகான ஏற்பாடு ஒன்று கண்ணில் படும்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு. எடை சுமார் 20 கிராம். இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. மூலக்கூறில் எத்தனை அயோடின் அணு இருக்கிறதோ, அதுவே பெயரில் உள்ள எண். வெளியே வருவதில் பெரும்பகுதி டி4. அது திசுக்களில் ஓர் அயோடினை உதிர்த்து டி3 ஆன பிறகுதான் முழு வீச்சில் வேலை செய்யும். இதயத்துடிப்பு, உடல்சூடு, குடலின் அசைவு என்று எல்லாவற்றின் வேகமும் இதன் கையில்.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "ஹார்மோன் செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. இரத்தத்தில் வரும் டி4 பிட்யூட்டரியின் செல்லுக்குள் நுழைந்து, அங்கேயே டி3 ஆகி, உட்கருவுக்குள் போய் டிஎஸ்எச் செய்யும் மரபணுவை அடக்கி வைக்கிறது. டி4 குறைந்தால் அந்தப் பிடி தளரும், டிஎஸ்எச் கூடும். காது மந்தமானவரிடம் பேசும்போது நம் குரல் தானாக உயர்கிறதே, அதுபோலத்தான். ரிப்போர்ட்டில் நாம் பார்ப்பது அந்தக் குரலின் அளவு. தைராய்டு சோர்ந்ததால் எண் ஏறியிருக்கிறது.

சரி, டி4-ஐ நேராக அளந்துவிட்டுப் போகலாமே? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. டி4 பாதியானால் டிஎஸ்எச் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாடநூல் கணக்குப்படி அது சுமார் 100 மடங்கு ஏறும்! டி4-இல் ஒரு சிறு சரிவு டிஎஸ்எச்-இல் மலையாகத் தெரியும். ஓர் உதாரணம். புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் தனியாகத் திரியும் டி4, அதாவது ஃப்ரீ டி4, 0.8 முதல் 1.8 வரை இருந்தால் இயல்பு என்று பல ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு உடம்புக்கும் அந்த வீச்சுக்குள் தனக்கென்று ஒரு குறுகிய இடம் உண்டு. 1.5-இல் வாழ்ந்து பழகிய ஒருவருக்கு அது 1.0 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் 'நார்மல்' என்றே சொல்லும். அவருடைய பிட்யூட்டரிக்கு மட்டும் தெரியும், மூன்றில் ஒரு பங்கு காணோம் என்று. டிஎஸ்எச் 9.8 ஆக நிற்கும். கேள்வி கேட்ட வாசகியின் நிலையும் இப்படித் தொடங்கியதாக இருக்கலாம். பெரும்பாலும் இதற்குக் காரணம், 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும். கிரேவ்ஸ் நோயில் இதற்கு நேர்மாறு: எதிர்ப்பு சக்தி செய்யும் எதிர்ப்பொருள் என்ற புரதம் ஒன்று டிஎஸ்எச் வேடம் போட்டுத் தைராய்டை விரட்ட, பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், எண் 0.01-க்கும் கீழே போகும். பிட்யூட்டரியே பழுதானால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஃப்ரீ டி4-தான் துணை.

டி4-இன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் இருப்பதில் பாதி தீர எடுக்கும் காலம், 7 நாள். தைராய்டு குறைவுக்குத் தரும் மாத்திரையும் டி4-தான். அதனால்தான் மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் இரத்தம் புது நிலைக்கு வந்திருக்காது. எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். "மாத்திரையை நிறுத்து, நான் தரும் பொடியைச் சாப்பிடு" என்பவரை நம்பி நிறுத்தினால் முதல் பத்து நாள் ஒன்றும் தெரியாது. குணமாகிவிட்டது என்றே தோன்றும். அந்தப் பத்து நாளும் உடம்பைத் தாங்குவது, முன்பு விழுங்கிய மாத்திரையின் மிச்சம்.

இவ்வளவு சொற்பமான ஹார்மோனை எப்படி அளக்கிறார்கள்? 1950-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், ஊசி போட்ட இன்சுலின் சிலர் இரத்தத்தில் ஏன் நெடுநேரம் தங்குகிறது என்று துருவினார்கள். இன்சுலினை எதிர்ப்பொருள் பிடித்து வைத்திருந்தது. அந்த முடிவை ஏற்க முதலில் ஆய்விதழ் மறுத்தது. அப்புறம் அதே எதிர்ப்பொருளையே ஹார்மோனை அளக்கும் தராசாக்கினார்கள். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். தைராய்டு டெஸ்ட் இந்த வழியில் வந்தது. "இன்சுலின் ஆய்வால் தைராய்டு நோயாளிக்கு என்ன பயன்?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. உடனே பயன் காட்டினால்தான் நிதி என்ற விதியை நான் எதிர்ப்பது இதனால்தான்.

இன்றைய கருவியில் இரண்டு எதிர்ப்பொருள்கள் டிஎஸ்எச்-ஐ இருபுறமும் கவ்வுகின்றன. ஒன்று ஒளிரும். மற்றதன் வாலில் பயோட்டின் என்ற வைட்டமின் ஒட்டியிருக்கும். அது காந்த மணியின் மேலிருக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். கழுவிய பின் மிஞ்சும் ஒளிதான் அளவு. முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இரத்தத்தில் நிறைய இருந்தால், மணியின் இடங்களை அதுவே அடைத்துவிடும். கவ்விய டிஎஸ்எச் கழுவலில் போய்விடும்; எண் பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி4-க்கான முறையில் ஒளி குறைந்தால் ஹார்மோன் கூடுதல் என்று பொருள், ஆகவே அது பொய்யாகக் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அசல் தைராய்டு மிகைபோலவே இருக்கும். தைராய்டு குறைவால் முடி கொட்டி, அதற்காகப் பயோட்டின் சாப்பிடுபவருக்கு நோயே மறைந்துபோகலாம்.

எல்லா ஆய்வகக் கருவியும் இந்த முறையில் இயங்குவதில்லை. ஆனாலும் வாசகிக்கு என் பதில்: அடுத்த டெஸ்டுக்குக் காலையில், மாத்திரை போடும் முன் போங்கள். பயோட்டின் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லி இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். 9.8 என்ற எண்ணை முதல் டெஸ்டிலேயே முடிவாகக் கொள்ள வேண்டாம், இன்னொரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.