மோட்டோகிராஸ் ஓட்டும் பையனுக்கு எந்த உடற்பயிற்சி மெஷின் வாங்கலாம்?

போன ஆடியில், சாரலும் மூடுபனியுமாக இருந்த ஒரு காலை, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் குன்னூரில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார்கள். மகனுக்கு 19 வயது. கோயம்புத்தூரில் மோட்டோகிராஸ் ஓட்டுகிறான், மண் ட்ராக்கில் மேடுகளைத் தாண்டிக் குதிக்கிற பைக் ரேஸ். போனில் வால்பேப்பர் ஹரித் நோவா, 2024 டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் போட்டியில் பைக்குகளுக்கான ராலி 2 பிரிவை வென்ற இந்தியர். “அவர் எந்த மெஷின்ல ட்ரெய்னிங் பண்றார் மேடம்?” என்று ஆரம்பித்தான். அவர் மெஷின் இருக்கட்டும், உன் முட்டியைக் காட்டு என்றேன். வந்ததே முட்டி வலிக்குத்தான்.

முட்டியை மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை நீட்டினார். திரையில் ஒரு ட்ரெட்மில்.

“ஒண்ணேகால் லட்சம் சொல்றாங்க. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலைல இது பெரிய காசு. வாங்கிட்டா இவனுக்கு ஸ்டாமினா வந்துடுமா?”

பையனைக் கேட்டேன்: “ரேஸ்ல உனக்கு முதல்ல எது போகுது தம்பி? மூச்சா, காலா, கையா?”

“கைதான் மேடம். நாலாவது லேப்ல முன்கை கல்லு மாதிரி ஆயிடுது. கிளட்ச் பிடிக்க விரலே வர மாட்டேங்குது.”

கை போகிறது என்பவனுக்கு ஓடுகிற மெஷின். இந்த மாதிரி ஆசையோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

“வண்டிதானே ஓடுது, இவனுக்கு என்ன?” என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 100 கிலோவைத் தாண்டும் வண்டியை, சீட்டில் உட்காராமல் பெரும்பாலும் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) நின்றபடியே குதிக்கவைத்து இறக்க வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு ரேஸ் 30 நிமிடம், அதற்கு மேல் 2 லேப். ஒரே நாளில் அப்படி இரண்டு. அந்த நேரம் முழுக்க இதயத் துடிப்பு உச்ச அளவில் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துடிப்பு ஏறுகிற அளவுக்கு உடல் ஆக்சிஜனை இழுப்பதில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதும், அடுத்த ஜம்ப்பை நினைத்து நெஞ்சு படபடப்பதும் சேர்ந்துதான் பல்ஸை அவ்வளவு மேலே தள்ளுகின்றன.

முன்கை கல்லாவதை ஓட்டுகிறவர்கள் ஆர்ம் பம்ப் என்பார்கள். முன்கைத் தசைகள் எளிதில் விரியாத ஓர் உறைக்குள் இருக்கின்றன. வேலை செய்யச் செய்ய ரத்தம் பாய்ந்து தசை உப்பும். இறுக்கிக் கட்டிய மூட்டைக்குள் அரிசி ஊறினால் எப்படி இருக்குமோ, அப்படி உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் வெளியேறும் வழி நெருக்கப்படுகிறது. பிடி தளர்கிறது, விரல் மரத்துப்போகிறது. வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் கழித்தும் மரமரப்பும் வலியும் போகவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அது மெஷின் வாங்கித் தீர்க்கிற விஷயம் இல்லை.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கும் கை போவதற்குக் காரணம் கையில் இல்லை. முதலில் தொடை சோர்கிறது. சோர்ந்ததும் முட்டிகளால் வண்டியைக் கவ்வுவது நின்றுபோகிறது. அப்புறம் உடம்பு மொத்தமும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. அந்தப் பாரத்தை யார் தாங்குவது? முன்கைதான். ஆகவே மெஷின் தேடும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காலும் மூச்சும் நன்றாக வேலை செய்யும்போது கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளப் பழக இது இடம் கொடுக்குமா? திரையில் எத்தனை கலோரி காட்டுகிறது, எத்தனை ப்ரோகிராம் இருக்கிறது என்பதெல்லாம் விற்கிறவர் கவலை.

அந்த அப்பா கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. “மலைல ஏத்தத்துக்கா பஞ்சம்? ரோட்ல ஓடினா போதாதா?”

போதும்தான், ஏறுவது மட்டும் என்றால். கல்லாறிலிருந்து குன்னூர் வரும் மலை ரயிலின் பல்சக்கரப் பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. ட்ரெட்மில்லில் அது 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அதைவிடக் கடுமையான சந்துகள் நம் ஊரில் எத்தனை! சிக்கல் என்னவென்றால், ஏறினவன் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, முட்டிச்சில்லு அழுந்துகிறது. இந்தப் பையனின் முட்டி வலியும் அதுதான்: தினமும் ஹட்டியிலிருந்து மெயின் ரோடு வரை இறங்கி ஓடியிருக்கிறான். போதாததற்கு விடியற்காலை இருட்டில் காட்டெருமையும் கரடியும் தெருவில் நிற்கிற ஊர் இது. பைக்கை எடுத்துக்கொண்டு சோலைக்கும் புல்வெளிக்கும் போகலாம் என்றால் அது காப்புக்காடு, போகவும் கூடாது. ஆகவே வீட்டுக்குள் ஒரு மெஷின் என்ற யோசனையே தவறில்லை.

ட்ரெட்மில்லுக்கு இந்த மலையில் ஓர் உண்மையான பலன் உண்டு. இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கலாம். 8 சதவீத ஏற்றம் வைத்து, ஓடாமல் வேகமாக நடந்தாலே பல்ஸ் எகிறும், முட்டியும் பிழைக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நின்று ஆள் முன்னால் விழுவார். ஏர்த் சரியாக இருக்கிறதா, ஸ்டெபிலைசர் எத்தனை கேவிஏ வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். டிவிக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் இதற்குத் தாங்காது. பழைய பங்களாக்களின் பலகைத் தரை அதிரும். தாழ்வான கூரை என்றால் மெஷினின் உயரத்தையும் ஆளின் உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டாமல் வாங்கி, முதல் நாளே உத்தரத்தில் இடித்துக்கொண்ட ஒருவருக்கு நான்தான் கழுத்து வைத்தியம் பார்த்தேன்.

இடுப்பும் மணிக்கட்டும் நன்றாக இருக்கிற ஒருவருக்கு ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்றால், உட்கார்ந்து துடுப்புப் போடுவது மாதிரி இழுக்கிற ரோயிங் மெஷினைத்தான் சொல்வேன். காலால் தள்ளி, இடுப்பை நிமிர்த்தி, கடைசியில்தான் கையை இழுக்க வேண்டும். ஃபுட்பெக்கில் குனிந்து நிற்கும்போது இடுப்பு மடிகிற அதே மடிப்பு. கைப்பிடியை முஷ்டியாகப் பிடிக்காதீர்கள். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது விரல்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்குமே, அப்படி. கட்டைவிரல் சும்மா ஒட்டியிருந்தால் போதும். 20 நிமிடம் இப்படி இழுக்கப் பழகியவன் ஹேண்டில்பாரையும் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கிறான் என்பது என் அனுபவம். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள், மணிக்கட்டு எலும்பு முறிந்து இன்னும் ஆறாதவர்கள் இதைத் தொட வேண்டாம். ரேஸுக்கு முந்தின நாளும் வேண்டாம்.

இந்த மெஷினில் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குழப்பம் வரும். அந்த அப்பா கடைசியில் கோயம்புத்தூரில் பழைய ஏர் ரோயிங் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளே போன். “கடைல நாலுல வெச்சப்போ கனமா இருந்துச்சு மேடம். இங்க அதே நாலுல வெச்சா லேசா சுத்துது. ஏமாத்திட்டாங்களா?”

யாரும் ஏமாற்றவில்லை. அந்த மெஷினில் உள்ளே ஒரு காற்றாடி. நீங்கள் இழுப்பது காற்றைத்தான். பக்கத்தில் 1 முதல் 10 வரை இருக்கும் நெம்புகோல், உள்ளே எவ்வளவு காற்று போக வேண்டும் என்று திறந்து மூடுகிற கதவு மாதிரி. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,850, ஊட்டி 2,200-க்கு மேல். இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் காற்றாடிக்கும் தடை குறைவு. நெம்புகோலின் எண்ணை விடுங்கள். நல்ல மெஷினின் மானிட்டரில் ட்ராக் ஃபேக்டர் (drag factor) என்று, காற்றின் தடையைக் காட்டும் ஓர் அளவு உண்டு. அது 110-க்கும் 130-க்கும் நடுவில் வருகிற மாதிரி நெம்புகோலை ஒன்றிரண்டு படி ஏற்றிவைத்தால் கீழே இழுத்த அதே கனம் வந்துவிடும். காற்றாடியைச் சுற்ற மிதிக்கிற ஏர் பைக்குக்கும் இதே கதைதான். காந்தத் தடையில் ஓடும் மெஷின்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

ஏர் பைக் கையையும் காலையும் சேர்த்து வாங்கும். 30 விநாடி முழு மூச்சில், 30 விநாடி மெதுவாக என்று பத்துத் தடவை செய்தால் ஆள் பேசமாட்டார். உள்ளங்கையால் தள்ளுங்கள், கைப்பிடியை நெரிக்காதீர்கள். ஸ்பின் பைக், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள், எலும்பு முறிந்து தேறி வருகிறவர்களுக்குத் தோழன். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். எழுந்து நின்று, இடுப்பை மடித்து, விரல்நுனி மட்டும் ஹேண்டிலில் பட மிதித்தால் அது கிட்டத்தட்ட ட்ராக்கில் நிற்கிற நிலைதான். இந்தப் பையனுக்கு நான் முதல் ஒரு மாதம் கொடுத்தது இதுதான், ரோயிங் அப்புறம்தான். நின்றபடி கையையும் காலையும் ஆட்டுகிற க்ராஸ் ட்ரெய்னர் கெட்டதில்லை, இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று வாங்க வேண்டாம்.

எந்த மெஷினானாலும் பையன்கள் செய்கிற தவறு ஒன்றுதான்: தினமும் நாக்கு தள்ளும் வரை மிதிப்பது. வாரத்தில் 2 நாள் போதும் அந்த வெறி. மற்ற நாட்களில் 40 நிமிடம், அம்மாவிடம் போனில் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். பல்ஸ் பார்க்க நெஞ்சில் கட்டும் பட்டையே நம்பகமானது. கைப்பிடியை இறுக்கும்போதும், குளிரில் கை விறைத்திருக்கும்போதும் மணிக்கட்டு வாட்ச் தாறுமாறாகக் காட்டும். இன்னொன்று, கோயம்புத்தூரிலிருந்து சனி ஞாயிறு மட்டும் மேலே வந்து “ஆல்டிட்யூட் ட்ரெய்னிங்” (உயரமான இடத்துப் பயிற்சி) செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு: அதில் எதிர்பார்க்கிற மாதிரி ரத்தச் சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கில் இங்கே தங்க வேண்டும். இரண்டு நாளில் கூடுவது ஹோட்டல் பில் மட்டும்தான்.

மழைக்கால ஈரம் மெஷினைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், பழைய பருத்திப் போர்வையே நல்லது. ரோயிங் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ட்ரெட்மில் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய்தான், சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து ஊற்றாதீர்கள். ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். மார்கழி, தை உறைபனியில் அறையை மூடிக்கொண்டு கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்த அறையில் மெஷின் மிதிக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். கடுமையாகப் பயிற்சி செய்யும் இளைஞன் 100 லிட்டருக்கு மேல் இழுப்பான். விஷமும் அந்தக் கணக்கில் உள்ளே போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் “ஓவரா பண்ணிட்டேன் போல” என்று உட்காராமல் உடனே வெளியே வாருங்கள். அடுப்பை வெளியே வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஸ்வெட்டரோடு ஆரம்பியுங்கள். குளிர்காற்றில் மிதித்ததும் நெஞ்சில் விசில் சத்தமும் இருமலும் வருகிறவர்கள் ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தவர்கள், நெஞ்சுவலி வருகிறவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர் உள்ளவர்கள், இதய மருத்துவரைப் பார்த்த பிறகே மெஷின் பக்கம் போகலாம்.

ரோயிங் மெஷின் வாங்கி மூன்று மாதம் கழித்துப் பையன் திரும்ப வந்தான். முட்டி வலி இல்லை. முன்கை இப்போது ஆறாவது லேப்பில்தான் இறுகுகிறதாம். வேறொரு புகார் இருந்தது: கீழே இறங்கி ரேஸ் ஓட்டினால் பாதியிலேயே தலை கிறுகிறுக்கிறது. ஆச்சரியமே இல்லை. இங்கே குளிர்ந்த அறையில் தயாராகிற உடம்பு, அங்கே 35 டிகிரியில் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு நிற்கிறது. வெயிலுக்கு உடம்பு பழக பத்து, பதினாலு நாள் ஆகும். அதை எந்த மெஷினும் இந்த உயரத்தில் தராது.

“கீழே சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“காரமடைல சித்தி வீடு இருக்கு மேடம்.”

“அடுத்த ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அங்க போயிடு. முதல் நாலு நாள் மெதுவா, தண்ணியும் உப்பும் சேர்த்து.”

“அங்க மெஷின் இல்லையே?”

“சித்தப்பாகிட்ட சைக்கிள் இருக்கும்ல?”