ஸ்பான்சர் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்?

2024 நவம்பரில் கோலாலம்பூரில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் மின்-விலைப்பட்டியல் திட்டத்துக்கு, அதாவது விற்பனை பில்களை மின்வழியில் வரி வாரியத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு, நான் மேலாளராக இருந்தேன். நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 25 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல், 100 மில்லியனுக்குள். விற்பனை அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாக வகுத்திருந்த உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அட்டவணைப்படி, இந்த அளவு நிறுவனங்கள் 2025 ஜனவரி 1 அன்று தொடங்கியே ஆக வேண்டும். அந்தத் தேதியை என்னாலும் நகர்த்த முடியாது. திட்டத்தின் ஸ்பான்சராக, அதாவது மேலிடத்தில் அதற்குப் பொறுப்பேற்றவராக இருந்த நிதி இயக்குநராலும் முடியாது. அப்படியிருந்தும் மூன்று வாரம் நாங்கள் மோதிக்கொண்டோம்.

ஏழு கிளைகளும் அதே நாளில் புதிய விற்பனை மென்பொருளுக்கு மாறிவிட வேண்டும் என்றார் அவர். தலைமையகக் கணக்கிலிருந்து மட்டும் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் இணையத் தளத்துக்கு பில்களை அனுப்பத் தொடங்குவோம், கிளைகளைப் பிறகு பார்க்கலாம் என்றேன் நான். வாடிக்கையாளர்களில் பாதிப்பேரின் வரி எண்கூட எங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கால அட்டவணையைத் திரையில் காட்டுவேன். "முடியாது என்று சொல்லவா உங்களை வைத்திருக்கிறோம்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். அலுவலகத்தில் "மேடம்" என்று அழைப்பவன் அங்கே "அக்கா" என்றேன். "அக்கா, ஜனவரி முதல் தேதி கிளைகள் மாறாவிட்டால் உங்களுக்கு என்ன சிக்கல் வரும்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. தே தாரிக் குவளையை மேசையில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு தொகையை எழுதி என் பக்கம் தள்ளினார். பழைய மென்பொருளின் உரிமம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்க ஆகும் செலவு அது. "தம்பி, இந்தப் பணம் மிச்சமாகும் என்று ஏப்ரலிலேயே இயக்குநர் வாரியத்தில் சொல்லிவிட்டேன். இப்போது போய் எப்படிக் கேட்பேன்?"

மூன்று வாரமாக நான் முட்டிக்கொண்டிருந்தது அந்தத் தொகையோடு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் ஒரே தாளில் மூன்று வழிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவையும் ஆபத்தையும் குறித்துக் கொண்டுபோனேன். வரி வாரியம் 2024 ஜூலையில் ஒரு சலுகை அறிவித்திருந்தது. ஒவ்வொரு கட்டமும் தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்கு, விற்பனைக்கு ஒன்றாகத் தனித்தனியே அனுப்பாமல், ஒரு மாத விற்பனையைத் தொகுத்து அடுத்த மாதத்தின் முதல் 7 நாட்களுக்குள் அனுப்பலாம் என்றது அந்த அறிவிப்பு. அதையும் செய்யத் தவறினால் வருமான வரிச் சட்டத்தின் 120ஆவது பிரிவு பாயும்: ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதையெல்லாம் நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் உரிமத் தொகையின் பக்கத்தில் வைத்துச் சொன்னது அன்றுதான். அவர் இரண்டு வழிகளை அடித்துவிட்டார். உரிமத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிப்பது, கிளைகளை ஜூலைக்குள் ஒவ்வொன்றாக மாற்றுவது என்று முடிவாயிற்று. இயக்குநர் வாரியத்துக்கும் அவரே அந்தத் தாளை எடுத்துச் சென்றார்.

ஸ்பான்சர் என்றதும் நம்மில் பலருக்குக் கோயில் உபயகாரர்தான் நினைவுக்கு வருகிறார். பணம் கொடுப்பார், மாலை மரியாதை பெற்றுக்கொள்வார். பந்தியில் சோறு பற்றாவிட்டால் கேள்வி அவரிடம் போகாது. திட்ட ஸ்பான்சரின் நிலை வேறு. இந்தத் திட்டத்தால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அவர்தான் மேலே பதில் சொல்ல வேண்டும். எப்படிச் செய்வது என்பது மேலாளரின் பொறுப்பு. செய்வதற்கு இன்னும் அர்த்தம் இருக்கிறதா என்பது ஸ்பான்சரின் பொறுப்பு. பல சண்டைகளில் ஒருவர் மற்றவரின் இடத்தில் போய் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சண்டையைவிட எனக்குக் கவலை தருவது மௌனம். பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். எதிரே இருப்பவர் டத்தோ என்ற மலேசியக் கௌரவப் பட்டம் பெற்றவராக இருந்துவிட்டால் இன்னும் சிரமம். இளம் மேலாளர்கள் "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நண்பர்களிடம் புலம்புகிறார்கள். அந்தச் "சரி"யை ஸ்பான்சர் நம்பி, அதை வைத்து மேலே இன்னொரு வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாளே தனியாகப் போய்ப் பேசுங்கள். பேசி முடித்ததும் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: "நான் புரிந்துகொண்டது இது; தவறிருந்தால் திருத்துங்கள்." நகல் யாருக்கும் போடாதீர்கள். நகலில் பத்துப் பேர் இருந்தால், ஸ்பான்சர் உங்களுக்காகப் பதில் எழுத மாட்டார். அந்தப் பத்துப் பேருக்காகத்தான் எழுதுவார்.

பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. எவ்வளவு தாமதம், எவ்வளவு கூடுதல் செலவு வரை மேலாளரே பார்த்துக்கொள்ளலாம் என்ற எல்லையைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுவார்கள். அது தாண்டப்போகிறது என்று தெரிந்த உடனே, தாண்டும்வரை காத்திராமல், மேலே சொல்லிவிட வேண்டும். சிறிய திட்டத்துக்கும் இது பொருந்தும். "பத்து நாள், ஐந்து விழுக்காடு" என்று முதல் கூட்டத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டாலே போதும்.

எல்லாம் பேசியபின் ஸ்பான்சரின் முடிவு உங்களுக்கு எதிராக வரலாம். முடிவு அவருடைய வரம்புக்குள் இருந்தால் அதை முழுமனதோடு செய்யுங்கள். உண்மையை மறைக்கச் சொன்னால் மட்டும் இணங்காதீர்கள். வேறோர் இடத்தில், சிக்கலைக் குறிக்கும் சிவப்பில் இருந்த திட்ட நிலையை, எல்லாம் சரி என்று காட்டும் பச்சையாக்கி, திட்டத்தை மேற்பார்வையிடும் வழிகாட்டுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார் அங்கிருந்த ஸ்பான்சர். நிறத்தை மாற்ற முடியாது, ஆனால் உங்கள் கருத்தை அதன் கீழேயே உங்கள் பெயரில் சேர்க்கிறேன் என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தம் கருத்தை எழுதி அனுப்பினார். குழு இரண்டையும் படித்தது; தேதி ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று.