காலி வீதியின் வேகம் ரயிலின் கையில்

கொழும்பின் வெள்ளவத்தையில் அரைக் கிலோமீற்றருக்குள் மூன்று பாதைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன: காலி வீதி, மெரின் டிரைவ், கடலை ஒட்டிய ரயில் பாதை. காலையில் நகர மையமான கோட்டைக்குப் போகிறவர் இவற்றில் எதைப் பிடிப்பது என்று தினமும் கணக்குப் போடுகிறார். நெரிசலைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குத்தான்.

வீட்டு வாசலில் இருந்து அலுவலகம் வரை ரயிலில் 60 நிமிடம், காரில் 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் போகிறவர்களில் வசதி உள்ள சிலர் காருக்கு மாறுவார்கள். வீதியில் வாகனம் கூடும். கார்ப் பயணம் 55 ஆகி, 60 ஆகும். இரண்டும் சமமானதும் யாரும் மாற மாட்டார்கள். ஆக, அலுவலக நேரத்தில் காரின் வேகத்துக்கு எல்லை போடுவது பக்கத்தில் ஓடும் ரயில். டவுன்ஸ்–தொம்சன் முரண் என்று இதற்குப் பெயர்.

இனி வீதியை அகலிக்கிறோம். கார் 45 நிமிடத்தில் போய்விடுகிறது. உடனே ரயிலில் போனவர் வருகிறார், நெரிசலுக்குப் பயந்து விடியமுன் புறப்பட்டவர் வருகிறார், அந்தப் பயணமே வேண்டாம் என்றிருந்தவரும் வருகிறார். புதிய தடம் நிறைந்துவிடுகிறது. அதற்குள் ரயிலும் பஸ்ஸும் பயணிகளை இழந்து, சேவைகளைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். காத்திருப்புக் கூடி ரயில் பயணம் 65 நிமிடமானால், வீதியும் 65இல்தான் போய் நிற்கும். பெருந்தொகை செலவழித்த பிறகு எல்லோருமே முன்பைவிடத் தாமதம்.

அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் இதற்கு ஓர் எண் தந்தார்கள். நெடுஞ்சாலைத் தடங்கள் 10 சதவீதம் கூடினால், வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரமும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது.

ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் வானத்துக்குத்தான் போகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோகிராம்கூட இல்லை. அது எரிந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டோ சுமார் 2.3 கிலோகிராம். ஒவ்வொரு காபன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால் 12 பங்கு காபன் 44 பங்கு வாயுவாகிறது.

சமிக்ஞை விளக்குகள் உள்ள நகர வீதியில் ஒரு தடம் மணிக்கு ஆயிரம் கார்களைக் கடத்தினாலே பெரிது. காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 1,500 பேர். அதே தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கி, நிமிடத்துக்கு ஒரு பஸ், அதில் 50 பேர் என்று விட்டால் 3,000 பேர். அகலிக்க ஓர் அடி நிலமும் தேவையில்லை.

1899 முதல் 1960 வரை ட்ராம் ஓடிய நகரம் இது. மாலபேயையும் கோட்டையையும் இணைக்க இருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் களனிவெளி ரயில் பாதை கையிலேயே இருக்கிறது. நுகேகொடை, மஹரகம, ஹோமாகம என்று ஹைலெவல் வீதியின் அருகாகவே அது போகிறது. குறுகிய பாதையாகப் போடப்பட்ட காலத்து வளைவுகளில் ரயில் இன்னும் ஊர்கிறது. போக்குக்கும் வரவுக்கும் ஒரே பாதை என்பதால், எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்து நிற்கிறது. மேம்பால நெடுஞ்சாலைக்குத் தேடும் பணத்தை முதலில் இங்கே போடவேண்டும். அந்த ரயில் 10 நிமிடம் முந்திப் போனால், ஹைலெவல் வீதியில் காரில் இருக்கிறவரும் கிட்டத்தட்ட அதே 10 நிமிடம் முந்தி வீடு சேர்வார்.