ஹெட்லைட்டைத் திறக்கும் சூடு

காரிலிருந்து கழற்றிய ஹெட்லைட்டைக் கையில் வைத்துப் பார்த்தால், திறக்கவே முடியாத ஒரே வார்ப்பு போலத்தான் தெரியும். முன்னால் தெளிவான லென்ஸ், பின்னால் கறுப்புக் கூடு, இரண்டுக்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை. ஆனால் கூட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் கறுப்பாக ஒரு பசை. லென்ஸைப் பிடித்து வைத்திருப்பதும் தண்ணீரைத் தடுப்பதும் அதுதான்.

பல விளக்குகளில் அது பியூட்டைல் ரப்பர் பசை. அதன் நீண்ட மூலக்கூறுகள் நூல்போலப் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதில்லை. சூடு ஏறினால் நூல்கள் வழுக்கி நகரும், ஆறினால் மறுபடி இறுகும். லென்ஸ் செய்யப்படும் பாலிகார்பனேட் இளகுவது 145 டிகிரி செல்சியஸ் வாக்கில். கூடு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், அது உருகுவது 160 டிகிரியை ஒட்டி. பசையோ 100 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். வீட்டில் ஹெட்லைட்டைப் பிரிக்க முடிவது இந்த இடைவெளியால்தான். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே கூடு வளைந்துவிடும், அதனால் 110 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

பல்ப், ரப்பர் மூடிகள், விளிம்பில் ஒளிந்திருக்கும் சின்னத் திருகுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்பே சூடாக்கிய ஓவனில் மரப்பலகை மேல் வைத்து எட்டுப் பத்து நிமிடம் விடுவார்கள். வெளியே எடுத்துத் தட்டையான கருவியால் ஒரு மூலையை நெம்பினால் லென்ஸ் மெல்ல எழும். பசை அறுந்துவிடாது, ஒட்டடை மாதிரி நூல் நூலாக நீண்டுகொண்டே வரும். அந்த நூல் உள்ளே ரிஃப்ளெக்டர் (பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணம்) மேல் விழாமல் பார்த்துக்கொள்ளவே இரண்டு பேர் வேண்டும்.

சில விளக்குகளில் பாலியூரிதேன் பசை இருக்கும். அதன் மூலக்கூறுகள் நிரந்தரமாகப் பிணைந்தவை. வெந்த முட்டையை எவ்வளவு சூடாக்கினாலும் திரும்ப இளகாது இல்லையா, அது போலத்தான். அங்கே வெட்டித்தான் எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

திறந்ததும் கண்ணில் படுவது ரிஃப்ளெக்டரின் பளபளப்பு. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம் அது. படலத்தின் தடிமன் சுமார் 0.0001 மில்லிமீட்டர்தான். நான் முதல் விளக்கைப் பிரித்தபோது அதில் ஒரு விரல் ரேகை பதிந்துவிட்டது. மென்மையான துணியால்தான் துடைத்தேன். ரேகையோடு பளபளப்பும் மங்கிப்போனது. தூசி இருந்தால் காற்றால் ஊதுங்கள், துடைக்காதீர்கள்.

இப்போது ஒளிக்கு வருவோம். ரிஃப்ளெக்டர் முழுக்க ஒரே ஒரு புள்ளியை நம்பி வளைக்கப்பட்டது, பல்பின் இழை இருக்க வேண்டிய புள்ளி. குவியத் தூரம், அதாவது ரிஃப்ளெக்டரின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரம், 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி பிறக்கும் இடம் 1 மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தால், 25 மீட்டர் தள்ளி ஒளிக்கற்றை கிட்டத்தட்ட 1 மீட்டர் விலகிவிடும். எதிரே வருபவரின் கண் இருப்பது அந்த ஒரு மீட்டருக்குள்தான். ஹாலோஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டரில் வேறு வகை விளக்கைச் செருகினால் சாலை பிரகாசமாகத் தெரிவதுபோல் இருந்தும் எதிரே வருபவருக்குக் கண் கூசுவது இதனால்தான். வெளிச்சம் கூட வேண்டுமென்றால் புரொஜெக்டர், அதாவது தனி லென்ஸ் வைத்த ஒளி அமைப்பு, பொருத்துவதே முறை. அதில் ஒரு தகடு கற்றையின் கீழ்ப்பாதியை மறைக்கும், லென்ஸ் அதைத் தலைகீழாக்கிச் சாலைக்கு அனுப்பும், அதனால் மேல்பக்கம் கத்தியால் வெட்டியது போல இருள் கிடைக்கும். உள்ளூர் வாகனச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

மூடும்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய பியூட்டைல் பட்டையைப் பள்ளத்தில் வைத்து, மறுபடி சூடாக்கி அழுத்த வேண்டும். சிலிக்கோன் கைக்கு எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் காயும்போது புளித்த வாடை வருகிற வகை அசிட்டிக் அமில ஆவியை விடும், அது அந்த மெல்லிய அலுமினியத்தை அரிக்கும்.

பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். விளக்கு எரிந்து உள்காற்று 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால், அது ஐந்தில் ஒரு பங்கு விரியும். அணைத்ததும் அதே அளவு காற்றை வெளியிலிருந்து உறிஞ்சும். துளை இல்லையென்றால் அந்த அழுத்தம் முழுவதும் பசையின் மேல்தான் விழும். எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி திறந்துகொள்ளும், அதன் வழியே ஈரம் உள்ளே போகும். காலையில் லென்ஸின் உள்பக்கம் பனி பூத்திருக்கும்.

அப்புறம் விளக்கைக் காரில் மாட்டி, ஒளியின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு சுவர் வேலை பாக்கி. கழற்றுவதற்கு முன்பே காரைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்தி, லோ பீமின் (தாழ்ந்த ஒளியின்) வெட்டுக்கோட்டை, அதாவது ஒளி முடிந்து இருள் தொடங்கும் கோட்டை, சாக்பீஸால் குறித்து வைத்திருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் விளக்கின் மைய உயரத்தை அளந்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே கோடு போட்டு, ஒளியின் மேல்விளிம்பு அதில் வந்து உட்காரும்வரை விளக்கின் சாய்வைச் சரிசெய்யும் திருகைத் திருப்புங்கள்.