ஃபேர் டிரேட்: நியாய விலையா, நியாய வணிகமா?

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை. அதன்மேல் காபித்தூள் பொட்டலங்கள், சாக்லேட் கட்டிகள், ‘ஃபேர் டிரேட்’ என்று எழுதிய ஓர் அட்டை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல திருச்சபைகளில் இது பழகிய காட்சி. தொலைதூர நாட்டில் விளைவித்தவருக்கும் செய்தவருக்கும் உரிய விலை போய்ச் சேரும்படி வாங்கி விற்பதுதான் ஃபேர் டிரேட். அந்த அட்டையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் நியாய விலை வணிகம், நேர்மை வணிகம், அறவணிகம் என்று பல சொற்கள் வருகின்றன. எதை எழுதினால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் வாங்குபவரை வெவ்வேறு பக்கம் இழுத்துப் போகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ‘ஃபேர்’ என்பதன் மிகப் பழைய பொருள் அழகானது, கண்ணுக்கு இனியது என்பது. மாசில்லாதது என்ற பொருள் வழியாகத்தான் ஒரு பக்கம் சாயாதது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. (சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ வேறு சொல். அது லத்தீன் வழி வந்தது.) ‘டிரேட்’ இன்னும் சுவையானது. அதன் முதல் பொருள் தடம், நடந்து போகும் வழி. ஒருவர் நாள்தோறும் போகும் வழி அவருடைய தொழிலாகி, பிறகு வாங்கி விற்பதைக் குறித்தது. நம்முடைய ‘வியாபாரம்’ என்பதும் இப்படித்தான்: வடமொழியில் செயல், தொழில் என்றிருந்த சொல் தமிழில் கடைக்குள் வந்துவிட்டது.

இரண்டும் சேர்ந்த ‘ஃபேர் டிரேட்’ இன்றைய பொருளில் பிறக்கவில்லை. 1881இல் பிரிட்டனில் இதே பெயரில் ஒரு சங்கம் தொடங்கியது. நம் பொருளுக்கு வரி போடும் நாட்டின் பொருளுக்கு நாமும் வரி போடுவோம் என்பது அவர்கள் கேட்ட ‘நியாயம்’. அமெரிக்காவில் 1930களில் இதே பெயரில் வந்த சட்டங்கள், உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக் கூடாது என்றன. தொலைதூர விவசாயி இந்த இரண்டிலும் இல்லை.

அவரை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்ததில் சபைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மெனோனைட் சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் 1946இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போனார். அங்கே பெண்கள் செய்த தையல் வேலைப்பாடுகளை வாங்கி வந்து அமெரிக்காவில் தெரிந்தவர்களிடமும் சபைப் பெண்களிடமும் விற்றார். காபி பின்னால்தான் வந்தது. 1973இல் குவாத்தமாலாவின் கூட்டுறவு விவசாயிகளிடமிருந்து நெதர்லாந்துக்கு வந்த காபி இந்த வழியில் முன்னோடி. 1979இல் இங்கிலாந்தின் வடக்கே ‘ட்ரெய்ட்கிராஃப்ட்’ என்ற கிறிஸ்தவ நிறுவனம் தொடங்கியது. அதன் தன்னார்வலர்கள் சரக்கை எடுத்துவந்து தங்கள் சபையில் மேசை போட்டு விற்றார்கள். 2023இல் அந்த நிறுவனம் மூடப்பட்டாலும் மேசை போடும் வழக்கம் மறையவில்லை. அமெரிக்காவில் 1996இல் ‘ஈக்வல் எக்ஸ்சேஞ்ச்’ என்ற தொழிலாளர் கூட்டுறவு, லூத்தரன் உதவி அமைப்போடு சேர்ந்து சபைகளுக்குக் காபி அனுப்பத் தொடங்கியது. சாக்லேட்டில் 1998இல் வந்த ‘டிவைன்’ ஒரு படி மேலே போனது. கானாவின் ‘குவாப்பா கோக்கூ’ கோகோ விவசாயிகள் அந்த நிறுவனத்தில் பங்குதாரர்களாகவே இருந்தார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ‘நியாய விலை’ என்று கேட்டதும் நம் நினைவுக்கு வருவது நியாயவிலைக் கடை. அங்கே நியாயம் வாங்குபவருக்கு: விலை ஏறாமல் கிடைக்க வேண்டும். ஃபேர் டிரேடில் நியாயம் விளைவிப்பவருக்கு: விலை விழாமல் இருக்க வேண்டும். உலகச் சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும், கழுவிப் பதப்படுத்திய அராபிக்கா காபிக்கு ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலருக்குக் குறையக் கூடாது என்பது ஃபேர் டிரேட் சான்று தரும் பன்னாட்டு அமைப்பு 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி. சந்தை விலை அதற்கு மேல் போனால் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். விலையோடு கூடுதலாக ஒரு பவுண்டுக்கு 20 சென்ட் விவசாயிகளின் கூட்டுறவுக்குப் போகும். அதைக் கிணற்றுக்கா, பள்ளிக்கா, நாற்றுக்கா எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்வார்கள். ‘நியாய விலை’ என்று அட்டையில் எழுதினால், “அப்புறம் ஏன் கடையைவிட விலை அதிகம்?” என்ற கேள்விதான் வரும்.

‘நேர்மை வணிகம்’ நல்ல தமிழ்தான். ஆனால் நேர்மை வணிகரின் குணத்தைச் சொல்கிறது. எடையில் ஏமாற்றாமல், சந்தை விலையைச் சல்லிக்காசு குறைக்காமல் கொடுத்தவர் நேர்மையானவர். 1989இல் பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை (எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற வரம்பு) உடைந்து விலை சரிந்தபோது, அப்படிப்பட்ட நேர்மையானவரிடம் விற்ற விவசாயியும் கடனாளிதான்.

‘அறவணிகம்’ கேட்க அழகாக இருக்கிறது. இங்கேதான் புறநானூறு கையைப் பிடித்துத் தடுக்கிறது. ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடும் 134ஆம் பாட்டு, இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறது. ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்பதுதான் அவனுக்குப் புகழ். சபை வளாகத்தில் விற்கும் பொருளுக்கு, புண்ணியத்தை விலைபேசும் நிழல் விழுந்த ஒரு சொல் வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது.

நான் தேர்ந்துகொள்வது ‘நியாய வணிகம்’. நியாயம் வடமொழி வேர்தான். ஆனாலும் ‘நியாயமான கூலி’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. வேலை செய்தவருக்குச் சேர வேண்டியது என்ற பொருள் அதில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. சொல் வடமொழி என்றாலும் கருத்து நமக்குப் புதிதில்லை. வணிகத்தைப் பற்றிய குறளை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில்தான் வைத்தார்: பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் செய்வார்க்கு வாணிகம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, “கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது” என்கிறது.

ஆங்கிலத்தில் இயக்கத்தை இரண்டு சொல்லாகவும், பொட்டலத்தில் இருக்கும் சான்று அடையாளத்தை ஒரே சொல்லாகவும் எழுதுவார்கள். நாம் அதை ‘நியாய வணிக முத்திரை’ எனலாம். அத்தகைய முத்திரை முதன்முதலில் 1988இல் நெதர்லாந்தில் காபிக்கு வந்தது. மெக்சிகோவின் வாஹாக்கா மலையில் காபி விவசாயிகளோடு வாழ்ந்த ஃபிரான்ஸ் வான்டர் ஹோஃப் என்ற பாதிரியார் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு ‘முத்திரை’ இன்னும் நெருக்கம். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்” என்கிறது நீதிமொழிகள். சுமுத்திரை என்றால் நல்ல முத்திரை, அளவு சரி என்று குறியிட்டது.

ஆகவே அட்டையில் ‘நியாய வணிகக் காபி’ என்று எழுதலாம். கீழே விளைவித்த கூட்டுறவின் பெயரையும் நாட்டையும் சேர்க்கலாம். ‘ஏழைகளுக்கு உதவுங்கள்’ என்ற வரி வேண்டாம். காபி விளைவித்தவர் கை நீட்டவில்லை, பொருள் விற்கிறார். காணிக்கைப் பெட்டி அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.